எண்ணிய இடத்திலேயே ஒட்டுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், வளரும் நாடுகளில் தேர்தல் நடக்கும்போது வெளிநாட்டுப் பார்வையாளர்கள் போய் நிற்பதால் பயன் உண்டா என்று கேட்டிருந்தார். உண்டு, ஆனால் ஒரு வாரம் போய் நின்றால் போதாது என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். அது பலருக்குப் போதவில்லை. மன்னார்குடி, நாகை, கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று டெல்டா முழுக்க இருந்து கடிதங்கள் வந்துவிட்டன. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊர்கள் இங்கே நிறைய, அதனால் இதில் ஆச்சரியமில்லை. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகன் மலாவி நாட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறான். கூட வேலை செய்யும் உள்ளூர்ப் பையன்கள் தேர்தல் பார்வையாளர் குழுவில் சேர்ந்திருக்கிறார்களாம். தானும் ஏதாவது உதவலாமா என்று கேட்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன சொல்லட்டும்?
(ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், கட்சிச் சட்டை, தொப்பி எதையும் போட வேண்டாம், ஓட்டுப்பதிவு அன்று வாக்குச்சாவடிப் பக்கம் வேடிக்கை பார்க்கக்கூடப் போக வேண்டாம், போனில் வருகிற அரசியல் வீடியோவை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். பிழைக்கப் போன இடத்தில் அவனுக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். அவன் உதவ நினைக்கிறவர்களுக்கே அது கெடுதலாக முடியும் என்பது இன்னொரு பக்கம். வெளிநாட்டுக்காரனிடம் காசு வாங்கியவர்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், எவ்வளவு நேர்மையாக வேலை செய்த குழுவாக இருந்தாலும் அதன் அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆனால் உங்கள் மகன் இருக்கிற நாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2019 மே மாதம் மலாவியில் அதிபர் தேர்தல் நடந்தது. பதவியில் இருந்த பீட்டர் முத்தாரிகா 38 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி ஜெயித்ததாக அறிவித்தார்கள், அடுத்து வந்த லாசரஸ் சக்வேராவுக்கு 35 சதவீதத்துக்குச் சற்று மேல். அப்புறம் பார்த்தால் வாக்குச்சாவடிகளிலிருந்து வந்த முடிவுத்தாள்களில் எண்களின் மேல் வெள்ளை மை தடவித் திருத்தியிருக்கிறார்கள், நம் பிள்ளைகள் நோட்டில் பிழையை அழிக்கிறார்களே, அதே மை. மக்கள் மாதக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வழக்கு ஐந்து நீதிபதிகள் முன்னால் போனது. 2020 பிப்ரவரி 3 அன்று, குண்டு துளைக்காத உடை அணிந்து ராணுவக் காவலோடு நீதிமன்றத்துக்கு வந்த அந்த நீதிபதிகள் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள், பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் வெற்றி என்றும் சொன்னார்கள். ஜூன் 23 அன்று மறுதேர்தல். சக்வேரா சுமார் 59 சதவீதம் வாங்கி ஜெயித்தார், ஆட்சி கைமாறியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2019 தேர்தலுக்கு வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்திருந்தார்கள், அவர்களுடைய முதல் அறிக்கைகள் பெரும்பாலும் பாராட்டாகவே இருந்தன. 2020இல் கொரோனா, எல்லைகள் மூடிக் கிடந்தன, அவர்களால் பெரிய அளவில் வரவே முடியவில்லை. நல்லபடியாக நடந்தது இரண்டாவது தேர்தல்தான். அதைக் காப்பாற்றியவர்கள் அந்த ஊர் ஏஜென்டுகள், அந்த ஊர் வக்கீல்கள், அந்த ஊர் நீதிபதிகள், ஊர்வலம் போன அந்த ஊர் ஜனங்கள்.

ஆகவே தம்பி செய்யக்கூடியது இதுதான். கூட வேலை செய்கிறவர்களுக்கு அன்றைக்கும் மறுநாளும் லீவு வேண்டியிருக்கும், ஏனென்றால் எண்ணி முடிக்க விடிந்துவிடும். அவர்களுடைய வேலையைத் தான் ஏற்றுக்கொண்டு கடை முதலாளியிடம் பேசி அனுப்பி வைக்கட்டும். கணக்குத் தெரிந்த பிள்ளை, முடிவுத்தாளில் கூட்டல் சரிபார்ப்பது எப்படி, ஓட்டுப் போட்டவர் எண்ணிக்கையும் பெட்டியில் இருந்த சீட்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எப்படி என்பதைத் தேர்தலுக்கு வெகு முன்னால் வீட்டில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அதுகூட அந்தக் குழு பெரியவர்களே கேட்டால் மட்டும்.

கேள்வி: 2016இல் பணப் பட்டுவாடா புகாரால் தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலையே நிறுத்தினார்கள். அதை மறந்துவிட்டு அடுத்த நாட்டுத் தேர்தலைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாபநாசம்)

பதில்: மறக்கவில்லை ஐயா. தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் மே மாதம் ஓட்டுப் போட முடியாமல் நவம்பர் 19 வரை காத்திருந்தன. அதற்காக வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்தியை இன்னொரு விதமாகவும் பாருங்கள்: காசு கொடுத்தார்கள் என்பதற்காக ஒரு தேர்தலை நிறுத்திவைக்கிற அதிகாரம் ஆட்சியில் இருப்பவர் கையில் இல்லாத ஓர் ஆணையத்திடம் இருந்தது. பல நாடுகளில் தேர்தல் ஆணையரை அதிபர் காலையில் நியமித்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட முடியும். நாம் வெளியே கொண்டுபோக வேண்டியது நம்முடைய பெருமையை அல்ல, நாம் பட்ட பாட்டை. காசு எப்படிக் கைமாறுகிறது, பறக்கும் படையின் கண்ணில் படாமல் எப்படிப் போகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த அளவுக்கு ஸ்வீடனில் இருந்து வருகிற பார்வையாளருக்குத் தெரியாது.

தகுதி என்று கேட்டதால் ஒரு பழைய கதை. 1951-52இல் நம் முதல் பொதுத்தேர்தலை நடத்தியவர் சுகுமார் சென். 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள், அதில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. வடக்கே லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிந்துகொண்டதால், சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டி வந்தது. அடுத்த தேர்தலில் அவர்களைத் திரும்பச் சேர்த்தார்கள். இப்படித் தடுமாறிக் கற்றுக்கொண்ட மனிதரைத்தான் 1953இல் சூடான் நாட்டின் முதல் தேர்தலை நடத்த அமைந்த பன்னாட்டு ஆணையத்துக்குத் தலைவராகக் கூப்பிட்டார்கள். அதில் சூடான்காரர்களும் எகிப்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆட்களும் உறுப்பினர்கள், தலைவர் இந்தியர். நாமே அப்போது ஒரே ஒரு பொதுத்தேர்தலைத்தான் பார்த்திருந்தோம்.

கேள்வி: ஒரு நாட்டில் ஆயிரக்கணக்கான வாக்குச்சாவடிகள். வருகிற பார்வையாளர்கள் சில நூறு பேர். மோசடி நடந்ததா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?
(கல்லூரி மாணவர், திருவாரூர்)

பதில்: தம்பி, பாதி நேரம் தெரியாது. அதனால்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

ஓட்டுப்பதிவு நாளில் திருட்டு நடப்பது குறைந்துகொண்டே வருகிறது. எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பத்து நிமிஷத்தில் உலகத்துக்கே தெரிந்துவிடும். திருடுகிறவர்கள் இப்போது இரண்டு இடங்களை நம்புகிறார்கள். ஒன்று, தேர்தலுக்கு மாதங்களுக்கு முன்னால் வாக்காளர் பட்டியல், எதிர்க்கட்சி வேட்பாளர் மேல் வழக்கு, டிவி, பத்திரிகை. இன்னொன்று, ஓட்டுப்பதிவு முடிந்தபிறகு, சாவடியில் எண்ணிய எண் தலைநகரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் மாறுவது. நடுவில் இருக்கிற ஒரு நாளில், பளபளப்பான கையில்லாச் சட்டை மாட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கி, வரிசை ஒழுங்காக நிற்கிறது, பெட்டிக்குச் சீல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்த இரண்டுமே கண்ணில் படாது.

கென்யாவில் 2017இல் அப்படித்தான் ஆனது. ஓட்டுப்பதிவு அமைதியாக நடந்தது, பெயர்பெற்ற வெளிநாட்டுக் குழுக்கள் பாராட்டிப் பேசின, தோற்றவர் முடிவை ஏற்கட்டும் என்கிற தொனியில் பேச்சு போனது. ஆனால் தேர்தலுக்குச் சில நாள் முன்னால்தான் தேர்தல் ஆணையத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கிறிஸ் ம்சாண்டோ கொலை செய்யப்பட்டிருந்தார். ஒவ்வொரு சாவடியின் முடிவையும் 34ஏ என்ற படிவத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அந்தப் படிவம் வந்து சேருவதற்கு முன்னாலேயே முடிவை அறிவித்துவிட்டார்கள். சர்வரைத் திறந்து காட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆணையம் முழுமையாகக் காட்டவில்லை. செப்டம்பர் 1 அன்று, தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அடுத்த பொதுத்தேர்தல் 2022. அப்போது ஆணையம் என்ன செய்தது தெரியுமா, 46,000க்கும் மேற்பட்ட சாவடிகளின் 34ஏ படங்களை அப்படியே பொது இணையதளத்தில் போட்டது. பத்திரிகைக்காரர்கள், மாணவர்கள், கட்சிக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். வில்லியம் ரூட்டோ 50 சதவீதத்தைக் கொஞ்சம்தான் தாண்டினார், வழக்கும் நடந்தது, ஆனால் உச்ச நீதிமன்றம் முடிவை உறுதி செய்தபோது நாடு அதை ஏற்றுக்கொண்டது. 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த கலவரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போன நாடு அது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

படிவம் இணையதளத்தில் வராத நாட்டில் என்ன செய்வது? அதற்குத்தான் இணை எண்ணிக்கை என்று ஒரு வழி இருக்கிறது. நாடு முழுவதும் குலுக்கல் முறையில் சில நூறு அல்லது ஆயிரம் சாவடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் ஒருவரை உட்கார வைப்பார்கள். அவர் திறக்கும்போதே போய்விட வேண்டும், எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. எண்ணியதைக் குறித்துக்கொண்டு போனில் அனுப்புவார். புள்ளியியல் தெரிந்தவர்கள் அதை வைத்து மொத்த முடிவு எந்த இடைவெளிக்குள் வர வேண்டும் என்று கணித்துவிடுவார்கள். ஆணையம் சொல்லும் எண் அதற்குள் வந்தால் நிம்மதி, வராவிட்டால் கேள்வி. கானாவில் 2008 டிசம்பர் இரண்டாம் சுற்றில் இரண்டு வேட்பாளருக்கும் இடையே சுமார் 40,000 ஓட்டுதான் வித்தியாசம், அரை சதவீதத்துக்கும் கீழே. அங்கே உள்ளூர்க் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்று இந்த முறையில் கணக்கெடுத்து வைத்திருந்தது, ஆணையத்தின் எண்ணும் அதுவும் ஒத்துப்போயின, ஆளுங்கட்சி தோல்வியை ஏற்று இறங்கியது. 1986இல் பிலிப்பைன்ஸில் மார்கோஸ் ஆட்சியிலும் நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பு தனியாக எண்ணியது. அரசு எண்ணிக்கை மையத்தில் கணினியில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், தாங்கள் பதிந்த எண்ணும் பலகையில் காட்டுகிற எண்ணும் வேறாக இருக்கிறது என்று எழுந்து வெளியே நடந்தார்கள். மார்கோஸ் அந்த மாதம் முடிவதற்குள் நாட்டைவிட்டே போக வேண்டி வந்தது.

நம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போடும்போது தராசுக்குப் பக்கத்தில் விவசாயி நிற்கிறாரே, அவருக்கு அங்கே நிற்கிற உரிமை இருந்தால்தான் மூட்டைக்குக் கிலோக் கணக்கில் போவது நிற்கும், சென்னையிலிருந்து அதிகாரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போவதால் நிற்காது. வெளிநாட்டு உதவி என்று போகிற பணத்தில் பெரும்பகுதி அப்படி நிற்கிற ஆளுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. அவருடைய பஸ் காசு, இரவுச் சாப்பாடு, போன் ரீசார்ஜ், அடி விழுந்தால் வாதாட ஒரு வக்கீல். எண்ணிய இடத்திலேயே எண்ணி, முடிவைச் சுவரில் ஒட்டி, எல்லா ஏஜென்டுக்கும் நகல் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம். இவ்வளவும் கிடைத்துவிட்டால் வெளியாட்கள் வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் நஷ்டமில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துப்பாக்கி ஏந்திய கும்பல் சுற்றுகிற நாட்டில் ஊர்வாரியாக முடிவை ஒட்டினால் எந்த ஊர் எதிர்த்து ஓட்டுப் போட்டது என்று கும்பலுக்குத் தெரிந்துவிடும். கிழக்குத் தீமோரில் 1999 ஆகஸ்ட் 30 அன்று ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில் இதற்காகவே எல்லாப் பெட்டிகளையும் தலைநகர் திலிக்குக் கொண்டுவந்து கலந்து எண்ணினார்கள். 78.5 சதவீதம் பேர் விடுதலைக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். அப்படிச் செய்தும் கும்பல்கள் நாட்டைக் கொளுத்தின என்பது வேறு விஷயம். அந்த மாதிரி இடத்துக்கு நான் மேலே சொன்னது பொருந்தாது.

கேள்வி: நாகையில் கப்பல் ஏறினால் காங்கேசன்துறை. இலங்கையில் தேர்தல் நேர்மையாக நடக்க இங்கிருந்து நாம் என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: அண்ணே, முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். இவருக்குப் போடு, அவருக்குப் போடாதே என்று இக்கரையிலிருந்து மேடை போட்டுப் பேசுவதை நிறுத்தலாம். அது அங்கே இருக்கிற தமிழருக்கு எந்த நன்மையும் செய்ததில்லை.

இலங்கையில் ஓட்டு பறிபோன இரண்டு விதத்தை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1948இல் குடியுரிமைச் சட்டம், அடுத்த வருஷம் தேர்தல் சட்டத் திருத்தம், இரண்டுமாகச் சேர்ந்து மலையகத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான தமிழரை வாக்காளர் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டன. கள்ள ஓட்டு இல்லை, பெட்டி மாற்றம் இல்லை, ஓட்டுப் போட வருகிறவரையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களின் நாடற்ற நிலை தீர 2003 வரை சட்டம் வர வேண்டியிருந்தது. இன்னொரு விதம் 2005இல். விடுதலைப் புலிகள் புறக்கணிப்பை வலியுறுத்திய அந்த அதிபர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 1 சதவீதம்தான், நாடு முழுக்க வெற்றி வித்தியாசமோ 2 லட்சத்துக்கும் கீழே. பயத்தில் வீட்டுக்குள் இருந்தவர்களின் ஓட்டும் பறிபோன ஓட்டுதான், பறித்தது யாராக இருந்தாலும்.

அங்கே பாஃப்ரல் போன்ற உள்ளூர்க் கண்காணிப்பு அமைப்புகள் 1987 முதலே வேலை செய்கின்றன. 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காமல், அந்த நாட்டு வரலாற்றிலேயே முதல் முறையாக வாக்காளர்கள் அடுத்தபடியாகக் குறித்திருந்த இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ண வேண்டி வந்தது. அப்படிப்பட்ட குழப்பமான நிலையிலும் எண்ணிக்கை அமைதியாக முடிந்தது. அதற்கு அந்த அமைப்புகளின் இத்தனை வருஷ உழைப்பும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். உங்களுக்கு அங்கே சொந்தம் இருந்தால், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உபதேசம் வேண்டாம், அது போதும்.

கேள்வி: நம்முடைய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை ஏழை நாடுகளுக்குக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
(எலெக்ட்ரிகல் கடைக்காரர், கும்பகோணம்)

பதில்: தீராது. நமீபியா 2014 நவம்பரில் நம் இயந்திரத்தை வாங்கி ஓட்டுப்பதிவு நடத்தியது, ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடு. ஆனால் யாருக்குப் போட்டோம் என்று அச்சடித்துக் காட்டுகிற ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெறும் இயந்திரத்தை மட்டும் வாங்கினார்கள். 2020 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சரிபார்க்கக் காகிதம் இல்லாத இயந்திரம் அரசமைப்புக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது, திரும்பவும் வாக்குச்சீட்டுக்குப் போனார்கள். 2024இல் பார்த்தால் பல இடங்களில் வாக்குச்சீட்டே தீர்ந்துபோய் ஓட்டுப்பதிவை நாள் கணக்கில் நீட்டிக்க வேண்டி வந்தது! இயந்திரமோ காகிதமோ, தோற்றவர் கையில் எடுத்துத் திரும்ப எண்ணிப் பார்க்க ஏதாவது மிஞ்ச வேண்டும், அது எல்லாச் சாவடிக்கும் போதுமான அளவு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நாமே ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தை 2013இல் நாகாலாந்து இடைத்தேர்தலில் தொடங்கி, நாடு முழுக்கக் கொண்டுவர 2019 ஆனது.

விரலில் வைக்கிற மை மட்டும் தயங்காமல் கொடுக்கலாம். நமக்கு மேலே அதே காவிரிப் படுகையில் இருக்கிற மைசூரில், கர்நாடக அரசின் பெயின்ட் தொழிற்சாலையில் 1962 தேர்தல் முதல் தயாராகிறது, எத்தனையோ நாடுகளுக்குப் போகிறது. அதில் வெள்ளி நைட்ரேட் இருப்பதால் தோலில் பிடித்துக்கொள்ளும். மலேசியாவில் 2013இல் முதல்முறை மை வைத்தபோது அது கழுவினால் போய்விட்டது, பிறகு கேட்டால் வெறும் உணவுச் சாயம் என்றார்கள். தூய தேர்தல் கேட்டுப் பெர்சே இயக்கம் நடத்திய ஊர்வலங்களில் அம்பிகா சீனிவாசன் முன்னால் நின்று கேட்ட கோரிக்கைகளில் அழியாத மையும் ஒன்று. கோரிக்கையை ஏற்றதாகக் காட்டிவிட்டுச் சாயத்தை வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து 2018இல் 61 வருஷ ஆட்சியை அதே ஜனங்கள் ஓட்டுப் போட்டு மாற்றினார்கள்.

கேள்வி: ஜனநாயகம் என்று சொல்லிக்கொண்டு பெரிய நாடுகள் தங்களுக்கு வேண்டியவரை உட்கார வைக்கின்றன. இந்த உதவி எல்லாமே அந்த ஆட்டத்தின் பகுதிதானே?
(விவசாயி, திருத்துறைப்பூண்டி)

பதில்: பல சமயம் அப்படித்தான் ஐயா, மறுக்கமாட்டேன். பாலஸ்தீனத்தில் 2006 ஜனவரியில் தேர்தல். ஜிம்மி கார்ட்டர் உட்படப் பார்வையாளர்கள் அதை நேர்மையான தேர்தல் என்றார்கள். 132 இடத்தில் ஹமாஸ் 74 ஜெயித்தது. உடனே தேர்தலை நடத்தச் சொன்ன நாடுகளே உதவிப் பணத்தை நிறுத்தின. ஹமாஸை நீங்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், ஆனால் நேர்மையாக ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு முடிவு பிடிக்கவில்லை என்று அரிசிப் பானையைக் கவிழ்த்தால் அடுத்த தடவை யார் நம்புவார்கள்? கம்போடியாவில் 1993இல் ஐ.நா.வே முன்னின்று தேர்தல் நடத்தியது, மிரட்டலையும் மீறி சுமார் 90 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். முதலிடம் வந்த கட்சிக்கு 58 இடம், ஆளுங்கட்சிக்கு 51 இடம். தோற்ற ஹுன் சென் இறங்க மறுத்தார், உலகம் தலையாட்டியது, ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள். நான்கு வருஷத்தில் அவர் மற்றவரை விரட்டிவிட்டார். உயிரைப் பணயம் வைத்து வரிசையில் நின்றவர்களுக்கு உலகம் செய்த துரோகம் அது, வேறு பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் எல்லா உதவியும் அப்படி இல்லை. வங்கதேசத்தில் 2008 தேர்தலுக்கு முன்னால் வெளிநாட்டுப் பணத்தோடும் ஐ.நா. உதவியோடும் 8 கோடிக்கும் மேற்பட்டவர்களின் படத்தோடு புதுப் பட்டியல் தயாரித்தார்கள், பழைய பட்டியலில் இருந்த போலிப் பெயர்கள் லட்சக்கணக்கில் ஒழிந்தன. அந்தப் பட்டியல் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. பின்னால் 2014இல் எதிர்க்கட்சி புறக்கணித்து 300 இடத்தில் 153 இடங்களில் போட்டியே இல்லாமல் போனபோது நல்ல பட்டியல் மட்டும் காப்பாற்றவில்லை, அதுவும் உண்மை. மியன்மாரில் 2020 தேர்தலில் மோசடி என்று சொல்லி 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து வந்து பார்த்தவர்கள், முடிவு மக்கள் விருப்பப்படி அமைந்ததுதான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ராணுவத்தை அது தடுக்கவில்லை. ஆனால் ராணுவம் சொன்னது பொய் என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல நாடுகளில் தேர்தல் கண்காணிப்பு அமைப்புகள் ஒரே மாதத்தில் சம்பளம் கொடுக்க முடியாமல் தள்ளாடின. ஒரே ஒரு பணக்காரர் கையை நம்பியிருந்தால் அவர் மனம் மாறும் நாளில் எல்லாம் போகும். இந்தியா போன்ற நாடுகள் சின்னச் சின்னப் பங்காக, நிபந்தனை இல்லாமல், ஐ.நா. வழியாகக் கொடுப்பது இதனால்தான் அவசியம் என்கிறேன்.

கேள்வி: குடவோலை முறை நம் சோழ நாடு உலகுக்குக் கொடுத்த ஜனநாயகம் அல்லவா?
(ஒரு வாசகர், மயிலாடுதுறை)

பதில்: பெருமைப்படுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டு. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் நிலம் இல்லாதவருக்கு இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் திரும்ப நிற்க முடியாது. அந்த ஒரு விதியை இன்றைக்கு எந்த நாடு எடுத்துக்கொண்டாலும் நல்லது.

கேள்வி: உலகத்திலேயே வித்தியாசமான ஓட்டுப் போடும் முறை எது?
(பத்தாம் வகுப்பு மாணவி, திருவையாறு)

பதில்: காம்பியா நாட்டில் கோலிக்குண்டால் ஓட்டுப் போடுவார்கள் பாப்பா. வேட்பாளருக்கு ஒரு தகர டிரம், அவர் கட்சி நிறத்தில் பெயின்ட் அடித்து, படம் ஒட்டியிருக்கும். குழாய் வழியாகக் கோலியைப் போட்டால் உள்ளே மணி ஒரு தடவை அடிக்கும், இரண்டு தடவை அடித்தால் இரண்டு ஓட்டுப் போட்டார் என்று பிடித்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் யார் உதவியும் இல்லாமல் போடலாம். 22 வருஷம் ஆண்ட யாஹ்யா ஜாமே 2016இல் இந்தக் கோலிக்குண்டில்தான் தோற்றார். முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மாட்டேன் என்றார், பக்கத்து நாடுகள் படையோடு எல்லையில் வந்து நின்றதும் 2017 ஜனவரியில் கிளம்பினார்.

கேள்வி: பல தேர்தல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டுத் தேர்தல் பணிக்கு என்னைப் போன்றவர்கள் போக வழி உண்டா?
(ஓய்வுபெற்ற வட்டாட்சியர், பட்டுக்கோட்டை)

பதில்: உண்டு சார், போக வேண்டியவரும் நீங்கள்தான். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் தேர்தல் பணிக்கு ஆள் எடுப்பார்கள், வயது ஒரு தடையில்லை, ஆங்கிலமோ பிரெஞ்சோ வேண்டும். அந்த நாட்டு அரசு கேட்டால் அல்லது பாதுகாப்பு சபையோ பொதுச் சபையோ தீர்மானம் போட்டால்தான் ஐ.நா. போகும், தானாகப் போகாது. பாங்காக்கில் இருக்கிற அன்ஃப்ரெல் அமைப்பு ஆசிய நாடுகளின் தேர்தல்களுக்கு ஆசியக்காரர்களையே அனுப்புகிறது. நம் தேர்தல் ஆணையம் டெல்லியில் 2011 முதல் ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறது, பல நாட்டு அதிகாரிகள் அங்கே வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். அங்கே பாடம் எடுக்க உங்களைப் போன்றவர்களின் அனுபவம் உதவும், எழுதிக் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் 2005 அக்டோபரில் ஐ.நா.வில் வைத்துப் பல அமைப்புகள் ஏற்றுக்கொண்ட பார்வையாளர் நடத்தை விதிகளைப் படித்துவிடுங்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது ஒரே ஒரு விதி. தப்பு நடப்பதைப் பார்த்தால் குறித்துக்கொள்ளலாம், கேட்கலாம், ஆனால் உத்தரவு போடக் கூடாது. இத்தனை வருஷம் சாவடியில் நின்று, மாதிரி ஓட்டு 50 போட்டுக் காட்டு, பதிவான ஓட்டுக் கணக்கை எழுதுகிற 17சி படிவத்தில் எல்லா ஏஜென்ட் கையெழுத்தும் வாங்கு என்று அதட்டிப் பழகியவர் நீங்கள். அங்கே கைகட்டி நிற்க வேண்டும், அதை அதட்ட வேண்டியவர் அந்த ஊர்க்காரர். ஓட்டுப்பதிவுக்கு மாதங்களுக்கு முன்னாலேயே போகிற நீண்டகாலப் பார்வையாளர் வேலை கிடைத்தால் அதை எடுங்கள், கடைசி வாரம் போகிற வேலையை விடுங்கள். போகிற இடத்தில் உள்ளூர் ஏஜென்டுகளுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னால் 17சி நகல் ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதில் ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று உங்களைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது.